பிறவிக்குணம், இயல்பு, பண்பு: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெய்ப்புத் திருத்த வரும் கட்டுரைகளில், புதிதாக எழுதுகிறவர்கள் இந்தச் சொற்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் போட்டேன். ஒற்றுப்பிழை, னகர ணகரக் குழப்பம் எல்லாம் இங்கே வேண்டாம். அவை எப்படியும் கண்ணில் பட்டுவிடும்.

உழைத்துப் பெற்றதைப் பிறவிக்குணம் என்பது

இதை மட்டும் இன்றும் என்னால் பொறுக்க முடிவதில்லை. ஒரு நினைவு மலரில், மறைந்த ஒருவரைப் பற்றி "பொறுமை அவருடைய பிறவிக்குணம்" என்று எழுதினேன். பாராட்டு என்றே நினைத்தேன். மலர் அச்சாகி வந்ததும் அவர் மனைவி கூப்பிட்டார். "கல்யாணமான புதிதில் தட்டைத் தூக்கி எறிகிற மனுஷர் தம்பி அவர். கோபத்தை அடக்கி அடக்கித்தான் அப்படி ஆனார். பிறவியிலேயே வந்தது என்று எழுதிவிட்டீர்களே" என்றார். ஒரு மனிதரின் வாழ்நாள் முயற்சியை ஒரு சொல்லில் அழித்திருந்தேன். அச்சேறிய பிறகு என்ன திருத்த முடியும்?

ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் சித்திரத்தைக் கைப்பழக்கம், செந்தமிழை நாப்பழக்கம் என்கிறது. நடையைக்கூடப் பழக்கத்தில்தான் சேர்க்கிறது. நட்பு, கொடை என்று மிகச் சிலவற்றுக்கே பிறவிக்குணம் என்று பெயர் தருகிறது. "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்பதையும் பிறவிக்குணத்துக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். பழக்கம் என்று அதிலேயே இருக்கிறதே! தொட்டிலில் படிந்தது வேறு, கூடவே பிறந்தது வேறு.

அப்புறம், பேச்சில் இந்தச் சொல் பெரும்பாலும் சலிப்போடுதான் வரும்: "அது அவன் பிறவிக்குணம், மாறாது." பாராட்டில் போட்டால் அந்த வாடையும் கொஞ்சம் சேர்ந்தே வரும்.

முன்கோபத்தைப் பண்பு என்பது

மனிதரைப் பற்றிச் சொல்லும்போது பண்பு என்றாலே நல்லதுதான். அதனால்தான் "பண்பில்லாதவன்" வசையாகிறது. முன்கோபம் ஒருவரின் இயல்பு, அல்லது சுபாவம். பொருள்களுக்கு இந்தக் கட்டு இல்லை. பண்புத்தொகையில் வரும் நிறம், வடிவம், அளவு, சுவை இவற்றில் நல்லது கெட்டது என்ற பேச்சே கிடையாது.

குணம்

"குணம்நாடிக் குற்றமும் நாடி" என்ற குறளில் குற்றத்துக்கு எதிராக நிற்பதால் நல்லதை மட்டும் குறிக்கிறது. "கெட்ட குணம்" என்று அடை சேர்த்தால் எந்தப் பக்கமும் சாயும்.

சுபாவம்

'சுவாபம்' என்று எழுதாதீர்கள்.