ரெட்கிரேவின் ஐந்து தங்கங்களை எப்படி எடைபோடுவது

பிரிட்டனின் துடுப்புப் படகு வீரர் ஸ்டீவ் ரெட்கிரேவ் பற்றித் தேடினால் முதலில் கண்ணில் படுவது ஒரே செய்திதான்: 1984 முதல் 2000 வரை வரிசையாக ஐந்து ஒலிம்பிக், ஐந்து தங்கம். அதோடு நிறுத்திவிட்டால் அந்த மனிதர் செய்தது பாதிகூடப் புரியாது.

முதலில் எந்தப் படகு என்று பாருங்கள். ஆளுக்கு இரண்டு துடுப்பு என்றால் ஸ்கல்லிங், இரண்டு கையாலும் ஒரே நீளத் துடுப்பைப் பிடித்து இழுத்தால் ஸ்வீப். ரெட்கிரேவின் ஐந்து தங்கமும் ஸ்வீப்பில் வந்தவை. லாஸ் ஏஞ்சலிஸில் நான்கு பேரோடு, திசை பார்த்துக் குரல் கொடுக்க ஒரு காக்ஸும் இருந்தார். சியோல், பார்சிலோனா, அட்லாண்டா மூன்றிலும் காக்ஸ் இல்லாத இருவர் படகு. சிட்னியில் காக்ஸ் இல்லாத நால்வர் படகு. என்னைக் கேட்டால் இருவர் படகுதான் மிகக் கடினம், ஏனென்றால் ஒருவர் வலப்பக்கம் இழுக்க இன்னொருவர் இடப்பக்கம் இழுக்கிறார், யாராவது கொஞ்சம் கூடுதலாக இழுத்தாலே படகு திரும்பிவிடும், இத்தனைக்கும் இருவருமே போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்து, கூட யார் இருந்தார்கள்? முதல் இரண்டு தங்கத்தில் ஆண்டி ஹோம்ஸ், பிந்தைய மூன்றில் மேத்யூ பின்சென்ட். கூட்டாளி மாறினால் பழகிய தாளமே மாறும், அப்படியும் இவர் ஜெயித்தார். பயிற்சியாளர் யூர்கன் குரோப்ளரையும் விடாதீர்கள், கிழக்கு ஜெர்மனியில் பேர் எடுத்துவிட்டு பிரிட்டனுக்கு வந்தவர்.

அப்புறம் இரண்டு ஒலிம்பிக்குகளுக்கு நடுவில் என்ன நடந்தது என்று தேடிப் படியுங்கள், உண்மையான கதை அங்கேதான் இருக்கிறது. 1996இல் அட்லாண்டாவில் ஜெயித்த கையோடு, இனி என்னைப் படகுப் பக்கம் பார்த்தால் சுட்டுவிடுங்கள் என்று சொன்னவர், சில மாதங்களில் திரும்பி வந்தார். குடல் அழற்சி நோய் ஏற்கெனவே இருந்தது. 1997இல் சர்க்கரை நோயும் சேர்ந்துகொண்டது. இன்சுலின் போட்டுக்கொண்டே, மணிக்கணக்காகத் துடுப்பு இழுக்கும் பயிற்சியைத் தொடர்ந்தார். 2000இல் சிட்னிக்குச் சில வாரங்கள் முன்பு சுவிட்சர்லாந்தின் லூசர்னில் நடந்த போட்டியில் அவருடைய நால்வர் அணி நான்காவதாகத்தான் வந்தது.

இதையெல்லாம் படித்த பிறகு சிட்னி இறுதிப் போட்டியின் வீடியோவைப் பாருங்கள். மொத்தம் 2000 மீட்டர், கிட்டத்தட்ட ஆறு நிமிடம்தான், வேகமாக ஓட்டிவிடாமல் முழுசாகப் பாருங்கள். கடைசி 500 மீட்டரில் இத்தாலிப் படகு மீது கண் வையுங்கள். பிரிட்டன் முந்திய நேரம் 0.38 நொடி. ரெட்கிரேவுக்கு அப்போது வயது 38.

புகழைத் தனியாக அளக்க வேண்டும். அவருக்கு 2001இல் சர் பட்டம் வந்தது, பிறந்த ஊரான மார்லோவில் தேம்ஸ் ஓரம் சிலை நிற்கிறது. சரி, ருமேனியாவின் எலிசபெத்தா லிபாவைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1984 முதல் 2004 வரை ஆறு ஒலிம்பிக், அவருக்கும் ஐந்து தங்கம், மொத்தம் எட்டுப் பதக்கம். ஒற்றையர் ஸ்கல்லிங்கிலும் தங்கம், எண்மர் படகிலும் தங்கம்! ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதியதை வைத்தே நாம் வீரர்களை அறிகிறோம் என்பதால்தான் இந்தப் பெயர் நம்மிடம் வந்து சேரவில்லை என்று நினைக்கிறேன். ரெட்கிரேவைப் படித்து முடித்ததும் அதே வரிசையில் படகு, கூட்டாளி, இடைவெளி என்று லிபாவையும் படியுங்கள்.