தாய்லாந்து ரிட்டயர்மென்ட் விசா: வாங்கிய பிறகுதான் வேலையே

50 வயது ஆகிவிட்டதா, தாய்லாந்தில் ஓய்வுக்கால விசா கேட்கலாம். அதற்குமேல் அவர்கள் முக்கியமாகப் பார்ப்பது பணம். தாய்லாந்து வங்கியில் உங்கள் ஒருவர் பெயரில் 8 லட்சம் பாத் இருக்கணும், அல்லது மாதம் 65,000 பாத் வருமானம் காட்டணும், இரண்டும் முழுசாக இல்லாதவர்கள் டெபாசிட்டையும் ஆண்டு வருமானத்தையும் கூட்டி 8 லட்சம் காட்டலாம். கையில் பணம் இருந்தால் டெபாசிட் வழியே நல்லது என்பேன். வருமானச் சான்று வாங்குவது பெரிய அலைச்சல், அமெரிக்க, பிரிட்டிஷ், ஆஸ்திரேலியத் தூதரகங்கள் 2019 முதல் அந்தக் கடிதம் தருவதையே நிறுத்திவிட்டன. இந்தியாவிலிருந்து பணம் அனுப்பினால் ஒரு நிதியாண்டில் ஒருவர் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம், அதனால் தொகையில் தடை கிடையாது.

முதலில் 'நான்-ஓ' (Non-O) விசாவில் 90 நாள் கிடைக்கும். அது முடியும் முன் இமிகிரேஷனில் ஓராண்டு நீட்டிப்பு வாங்கணும், கட்டணம் 1,900 பாத், பிறகு வருஷாவருஷம் இதேதான். 'ஓ-ஏ' (O-A) என்று இன்னொரு வகை உண்டு, சொந்த நாட்டிலேயே வாங்கி வருவது. அதற்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம், வயது ஏற ஏற பிரீமியமும் ஏறும். என்னுடையது காப்பீடு கட்டாயமில்லாத 'நான்-ஓ' வகைதான். ஆனால் கட்டாயம் இல்லை என்பதற்காகக் காப்பீடே இல்லாமல் வந்துவிடாதீர்கள்.

இனி கவனமாகப் படியுங்கள், பலர் தடுக்கி விழுவது இங்கேதான். ஆண்டு நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும் முன் 2 மாதம் அந்த 8 லட்சம் கணக்கில் அசையாமல் கிடக்கணும், நீட்டிப்பு கிடைத்த பின்னும் 3 மாதம் தொடக்கூடாது. நடுவில் உள்ள மாதங்களில் எடுக்கலாம், ஆனால் 4 லட்சத்துக்குக் கீழே போகக்கூடாது. ஆக, வருஷத்தில் ஏழு மாதம், அதிலும் பாதிப் பணம்தான் உங்கள் கைக்கு வரும். அதற்கு அந்தக் கணக்கைத் தொடாமலே விட்டுவிட்டு, வீட்டுச் செலவுக்கு வேறு கணக்கு வைத்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

எனக்கு இரண்டாம் வருஷம் நடந்தது இது. ஏடிஎம் கார்டின் ஆண்டுக் கட்டணம் 300 பாத்தை வங்கி அந்தக் கணக்கிலிருந்தே பிடித்திருந்தது, இருப்பு 7,99,700. நான் கவனிக்கவில்லை. அதிகாரி பாஸ்புக்கைப் புரட்டி, அந்த வரியைப் பென்சிலால் வட்டம் போட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திருப்பி நீட்டினார். நாட்டை விட்டு வெளியே போய் 90 நாள் விசாவிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. அதனால் 8 லட்சத்துக்கு மேல் ஐயாயிரமாவது கூடப் போட்டு வையுங்கள், அந்தக் கணக்குக்குக் கார்டே வேண்டாம். விண்ணப்பிக்கும் நாளன்று காலையில் 100 பாத் போட்டு பாஸ்புக்கில் பதிந்து, வங்கிக் கடிதத்தையும் கையோடு வாங்கிக்கொண்டு போங்கள்.

90 நாளுக்கு ஒருமுறை இருப்பிடத்தைத் தெரிவிக்கணும், டி.எம்.47 படிவம். கெடுவுக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை கொடுக்கலாம். முதல் தடவை நேரில், அப்புறம் ஆன்லைனில். வெளிநாடு போய் வந்தால் எண்ணிக்கை வந்த நாளிலிருந்து புதிதாகத் தொடங்கும். நீங்கள் தங்கியிருப்பதை வீட்டு உரிமையாளர் தெரிவிக்க வேண்டிய டி.எம்.30 படிவம் தனி. அவர் கொடுத்தாரா என்று குடியேறிய அன்றே கேட்டு, ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நீட்டிப்புக்குப் போகும்போது கேட்பார்கள். சம்பளத்துக்கு வேலை பார்க்க இந்த விசாவில் அனுமதி இல்லை.

கடைசியாக ரீ-என்ட்ரி பர்மிட், அதாவது வெளிநாடு போய்த் திரும்பி வர முன்கூட்டியே வாங்கும் அனுமதி. அது இல்லாமல் நாட்டை விட்டுக் கிளம்பினால் உங்கள் ஓராண்டு நீட்டிப்பு அந்த நிமிஷமே செத்துப்போகும், திரும்பி வந்து கெஞ்சினாலும் உயிர் வராது. ஒரு பயணத்துக்கு 1,000 பாத், எத்தனை பயணத்துக்கும் சேர்த்து 3,800. நம் வயதில் ஊரிலிருந்து எப்போது என்ன செய்தி வரும் என்று தெரியாது, அதனால் நீட்டிப்பு வாங்கும் அன்றே 3,800 கட்டிவிடுங்கள். ராத்திரி போன் வந்து பர்மிட் இல்லாமல் ஓட வேண்டி வந்தாலும் பதறாதீர்கள், பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்திலேயே அதற்குக் கவுன்டர் இருக்கிறது. ஒரு போட்டோவும் கொஞ்சம் ரொக்கமும் எப்போதும் பாஸ்போர்ட் உறைக்குள் இருக்கட்டும்.