‘சின்னக் கல்லுதானே’ என்று கிளம்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

“அண்ணே, மூணு மீட்டர் கல்லுதானே, இதுக்கு எதுக்கு டார்ச்சும் விசிலும்?” என்று கூட வந்த தம்பி கேட்டான். நவம்பர் கடைசி, மதியம் ஒன்றரை மணி. சின்னப் பாறைகளில் கயிறில்லாமல் ஏறும் போல்டரிங்குக்காக, இங்கிலாந்தில் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டின் வடக்கு விளிம்பில் நிற்கிறோம். வண்டியை நிறுத்திய ஸ்நேக் பாஸ் சாலையிலிருந்து ஐம்பது நிமிட நடை. என் டார்ச்சை எடுத்துக் காட்டி வாயை அடைத்தேன். ஆனால் அன்றைக்கு முதல் தவறைச் செய்தவன் நான்தான்.

அது இடத்தைத் தேர்ந்த தவறு. இங்கிலாந்தின் இந்த மூர் எனப்படும் மேட்டுநிலங்களில் மரம் கிடையாது, ஹெதர் புதரும் பீட் எனும், மக்கிய செடிகளால் ஆன கருப்புச் சேறும்தான், நடுநடுவே கிரிட்ஸ்டோன் பாறைகள் தலைநீட்டும். வடக்குப் பார்த்த பாறைக்கு நவம்பரில் வெயிலே படாது. நான்கு நாள் தூறல் போட்டால் கிணற்றுப் படிக்கட்டு மாதிரி பச்சையாகிவிடும். அந்தப் பாறைகள் கோடைக்குத்தான். குளிர்காலத்தில் தெற்கோ மேற்கோ பார்த்த, காற்று நன்றாக வீசுகிற இடமாகப் போக வேண்டும். வானம் வெளுத்துவிட்டது, கல்லும் காய்ந்திருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். பாறையின் தலையில் ஹெதர் வளர்ந்திருந்தால் மழை விட்ட பிறகும் அது நாள்கணக்கில் சொட்டிக்கொண்டிருக்கும். கருப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தால் அது ஈரம்தான். ஈரக் கல்லில் வழுக்குவது ஒரு பக்கம் இருக்கட்டும், மெல்லிய விளிம்புகள் பிய்ந்து வரும். இது மணற்கல், தண்ணீர் குடித்தால் வலு குறையும்.

கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதித் தவறுகள் அதைப் புரிந்துகொள்ளாததால் வருபவை. சுமார் 32 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆற்று முகத்துவாரங்களில் படிந்த பருமணல் இறுகிய கல் இது. மாவரைக்கும் எந்திரக்கல்லை இதில்தான் செதுக்கினார்கள், செதுக்கியும் யாரும் எடுத்துப்போகாத எந்திரக்கற்கள் ஸ்டேனேஜ் என்ற பாறை விளிம்பின் அடியில் இன்றும் வட்டவட்டமாகக் கிடக்கின்றன. தொட்டால் புதிதாகக் கொத்திய அம்மி மாதிரி சொரசொரக்கும். பிடிப்பதற்கென்று விளிம்பு அதிகம் இருக்காது, எல்லாம் உருண்டு திரண்டிருக்கும். ஜிம்மின் செயற்கைச் சுவரில் ஏறிப் பழகியவர்கள் இங்கே வந்து கையால் இழுத்து இழுத்துச் சோர்ந்துபோவார்கள். காலை நம்புங்கள். குதிகாலைத் தாழ்த்தி, ஷூவின் முன்பகுதி முழுவதையும் கல்லில் அப்பி நில்லுங்கள். அதற்கு முன் ஷூவைத் துடைக்க வேண்டும். பீட் ஒட்டிய ஷூவோடு ஏறினால் உங்களுக்கும் பிடிமானம் கிடைக்காது, அந்த மணல் கல்லையும் தேய்த்துவிடும்.

தேய்வது சாதாரண விஷயமில்லை. இந்தக் கல்லுக்கு வெயிலிலும் காற்றிலும் இறுகிய ஒரு மேல்தோல் உண்டு, அது போய்விட்டால் உள்ளே இருப்பது உதிரும் மணல். அதனால் கல்லைத் துடைக்கக் கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம், மென்மையான நைலான் பிரஷ் போதும். கை வழுக்காமலிருக்கப் போடும் சாக் பொடியையும் அள்ளிப் பூசாதீர்கள். கை வழுக்குகிறது என்றால் பெரும்பாலும் காரணம் வெயில்தான், பொடி பற்றாமல் அல்ல. ஆகஸ்ட் மதியத்தில் முடியாத நகர்வு, காற்றடிக்கும் குளிர்ந்த நாளில் முதல் முயற்சியிலேயே முடிந்துவிடும். அப்புறம் விரல்நுனி. தோல் இளஞ்சிவப்பாகிப் பளபளக்க ஆரம்பித்தால் நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஒரே ஒரு தடவை என்று ஏறினால் ரத்தம் வரும், ஒரு வாரம் சட்டைப் பட்டன் போடுவதே பாடு.

இனி விழுவதைப் பற்றி. விழுந்தால் தாங்கும் மெத்தையான பேட் விரித்தாயிற்று, பயமில்லை என்கிற நினைப்புதான் பெரிய ஆபத்து. ஹெதர் மெத்தென்று தெரியும், அதற்கடியில் கற்களுக்கு நடுவே முழங்கால் ஆழத்துக்குப் பொந்து இருக்கும். தம்பி விழுந்ததும் அப்படித்தான். பேட்டின் ஓரத்தில் ஒரு கால், வெளியே ஒரு கால். அந்தக் கால் புதருக்குள் போய் மடங்கியது. விரிப்பதற்கு முன் அந்த இடத்தை மிதித்து மிதித்துப் பார்த்திருக்க வேண்டும். அதற்காகக் கல்லைப் பெயர்த்து அடுக்கித் தரையைச் சமன் செய்கிறேன் என்று இறங்காதீர்கள், பீட் ஒருமுறை கிளறப்பட்டால் மழையில் கரைந்துகொண்டே போகும். ஏறும் முன் இன்னொன்றும் பாருங்கள்: எந்தப் பக்கம் இறங்குவது? உச்சி பிடியே இல்லாமல் உருண்டிருக்கும், நெஞ்சால் ஊர்ந்து மேலே போனபிறகு இறங்க வழி தேடிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். காற்று பலமாக இருந்தால் முதுகில் இருக்கும் பேட் பாய்மரம் போல ஆளையே தள்ளும். கீழே வைத்துவிட்டுத் தேநீர் குடித்தால் அது தனியாகக் கிளம்பிப் போய்விடும்.

இந்த நிலத்தில் நடக்கும் உரிமையும் சும்மா வந்ததில்லை. 1932 ஏப்ரலில் இதே கிண்டரில் தடையை மீறி நடந்த போராட்டத்தையொட்டி ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 2000-ஆம் ஆண்டின் சட்டம்தான் திறந்த மூர்களில் நடக்கும் உரிமையைத் தந்தது. அதிலும் நிபந்தனை உண்டு: மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயைக் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும், தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக. சில மூர்களில் நாய்க்கே அனுமதியில்லை. அடுப்பு மூட்டவே கூடாது. 2018 கோடையில் சாடில்வொர்த் மூர் பற்றியெரிந்தபோது ராணுவத்தையே அழைக்க வேண்டியிருந்தது. பீட் பற்றிக்கொண்டால் மண்ணுக்கடியில் புகைந்துகொண்டே இருக்கும்.

சரி, தம்பியின் கால். கணுக்கால் பிசகியிருந்தது, எலும்பு முறியவில்லை. ஊருக்குள் என்றால் ஐஸ் வைத்துவிட்டு ஆட்டோவில் போயிருப்போம். இங்கே போனில் சிக்னல் இல்லை. நான்கு மணிக்கெல்லாம் சூரியன் போய்விட்டது. நடக்கவே முடியாத நிலை என்றால் இங்குள்ள அவசர எண்ணான 999-ஐ அழைத்து முதலில் போலீஸ், பிறகு மலை மீட்புக் குழு என்று கேட்க வேண்டும். அதே எண்ணுக்குக் குறுஞ்செய்தியும் அனுப்பலாம், ஆனால் வீட்டிலேயே முன்கூட்டிப் பதிவு செய்திருக்க வேண்டும். எதுவும் எடுபடாவிட்டால் விசில்: ஒரு நிமிடத்தில் ஆறு முறை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. எங்களுக்கு அந்த நிலை வரவில்லை. அவன் என் தோளில் சாய்ந்து நொண்டிக்கொண்டே வந்தான். போகும்போது ஐம்பது நிமிடத்தில் வந்த வழிக்கு மூன்று மணி நேரம் ஆனது. பேட்டை அங்கேயே ஒரு பாறை இடுக்கில் செருகிவிட்டு வந்து, அடுத்த ஞாயிறு போய் எடுத்தேன்.

அவன் இப்போது டார்ச் இரண்டு எடுத்து வருகிறான். ஒன்று எனக்காம். அன்று பாதி வழியில் என் டார்ச் பேட்டரி செத்துப்போனதை இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.