கேரம் காயில் எழுத்துக் கூட்டல்

அக்கா பையன் ஒண்ணாவது படிக்கிறான். காசிமேட்டுல எங்க வீட்டு வாசப்படியில உட்கார்ந்து 'சி ஏ டி கேட்'னு மூச்சுவிடாம ஒப்பிப்பான். ஒருநாள் பூனைப் படத்தை உள்ளங்கையால மறைச்சேன். "சி... ஏ... டி... சியேட்டி?"ன்னு முழிச்சான். அவனைச் சொல்லிக் குத்தமில்ல. நாங்க சொல்லிக்கொடுத்தது எழுத்தோட பேரு. படிக்கத் தேவை அதோட சத்தம்.

இங்கிலீஷ்ல ஆறு எழுத்துல ஆரம்பிங்க: எஸ் (s), ஏ (a), டி (t), பி (p), ஐ (i), என் (n). சின்ன எழுத்து மட்டும் போதும். சிட், டின், பின், நேப்னு இதுலயே நிறைய சொல் வரும்.

தமிழ் படிச்சவங்களுக்கு இங்க ஒரு சௌகரியம், புள்ளி. எஸ்ஸுக்கு ஸ், டிக்கு ட், பிக்கு ப். அகரத்தை ஒட்டி 'ப-இ-ன'ன்னு சொன்னா, நாள்பூரா கூட்டினாலும் 'பின்' வராது. மெய்க்கு அரை மாத்திரைன்னு படிச்சோமே, அங்கேயே நிறுத்தணும். ஏ எழுத்துக்குத்தான் தமிழ்ல சரியான ஜோடி கிடையாது. கிரிக்கெட் பேட்டுன்னு சொல்றப்போ நடுவுல வர்ற சத்தத்தைக் காட்டுங்க.

எங்க பக்கம் கேரம் காய்க்குப் பஞ்சமில்ல. கறுப்புல ஒயிட்னரால எஸ், டி, பி, என் எழுத்துகள். வெள்ளைல மார்க்கரால ஏ, ஐ. மூணு காயைத் தள்ளித்தள்ளி வெச்சு, விரலால நகர்த்திக்கிட்டே சத்தத்தைச் சேர்க்கணும். ஸ், ன் இழுபடும்: 'ஸ்ஸ்ஸ்-இ-ட்'. ப், ட் இழுபடாது. அதனால 'சிட்', 'நிப்' முதல்ல, 'பின்' அப்புறம். பத்து நிமிஷம் தாண்டினா அவன் ஸ்ட்ரைக்கரைத் தேட ஆரம்பிச்சிடுவான், விட்டுடுங்க.

பி (p) எழுத்தும் அதோட பெரியண்ணன் பீ (b) எழுத்தும் தமிழ்ல ஒரே 'ப'. "பின்னுல வர்றது ஒண்ணு, தம்பில வர்றது இன்னொண்ணு"ன்னு சொல்லி தொண்டையில கை வைக்கச் சொன்னேன். தம்பிக்குத் தொண்டை அதிர்ந்தது, புரிஞ்சுக்கிட்டான்.

'சிட்'டை 'சிட்டு'ன்னு படிச்சாத் திட்டாதீங்க. வல்லின மெய்யில தமிழ்ச் சொல் முடியாது, நாக்கு தானா ஒரு 'உ' போட்டுக்கும். எழுத்தைச் சரியா கூட்டினானான்னு மட்டும் பாருங்க.

மனப்பாடமா, நிஜமாவே கூட்டுறானான்னு சந்தேகமா? அர்த்தமே இல்லாத 'டிஸ்', 'நிஸ்' மாதிரி அடுக்கிக் கொடுங்க. இங்கிலாந்துல 2012-லேர்ந்து ஒண்ணாவது பிள்ளைகளுக்கு வைக்கிற ஒலிச் சோதனையிலும் 40 சொல்லுல 20 இப்படிப்பட்டதுதான். இவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான், ஆனா படிச்சிடுறான்.

ரெட் காயில இங்கிலீஷ் 'ஈ' (e) எழுத்தை எழுதி டப்பாவுலயே வெச்சிருக்கேன். சொல்லோட கடைசியில வந்து வாயைத் திறக்காம உட்கார்ந்து, 'பின்'னை 'பைன்' ஆக்குற எழுத்து அது. அதுக்கு இன்னும் நாளிருக்கு. "ரெட் எப்ப சித்தி?"ன்னு தினம் கேக்குறான்.