நின்றுபோன சிந்தசைசர் இதழ் ஒன்றை முறையாக நினைவுகூர்வது எப்படி

கீபோர்டு வாசிப்பவர்களுக்காக நடத்தப்பட்டு, மூன்று நான்கு ஆண்டுகளில் நின்றுபோன ஓர் இதழை நினைவுகூர விரும்புகிறவர்கள் பெரும்பாலும் அதன் அட்டைப்படங்களையும், புகழ்பெற்றவர்களின் நேர்காணல்களையும் எடுத்துக் காட்டுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த இதழ் யாருக்காக வந்ததோ அவர்கள் அதை அப்படிப் படிக்கவில்லை. கருவியின் மேல் விரித்து வைத்து, ஒரு கையால் குமிழைத் திருப்பியபடி படித்தார்கள். ஆகவே, இதழில் அச்சான ஒலியை இன்று ஒருவர் மீண்டும் வாசித்துக் கேட்க முடிகிற அளவுக்கு அதைப் பதிவு செய்து வைத்தால்தான் நினைவுகூரல் முழுமை பெறும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான வழிமுறையை, 1976 முதல் 1979 வரை அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரிலிருந்து வெளிவந்த 'சினாப்ஸ்' என்னும் மின்னணு இசை இதழை முன்வைத்து விளக்குகிறேன்.

சினாப்ஸைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அதைத் தொடங்கியவர்களில் சிந்தியா வெப்ஸ்டரும் ஒருவர். ஆசிரியராக இருந்தவர் டக் லின்னர். இருவருமே, மின்சுற்றுகளால் ஒலியை உருவாக்கும் கருவியான சிந்தசைசரோடு வாழ்ந்தவர்கள். அதற்கு ஓராண்டு முன்னதாக, 1975இல், 'கிட்டார் பிளேயர்' இதழை நடத்திய நிறுவனம் கலிஃபோர்னியாவில் 'கன்டெம்பரரி கீபோர்டு' இதழைத் தொடங்கியிருந்தது. அது பியானோ, ஆர்கன், சிந்தசைசர் எல்லாவற்றுக்கும் பொதுவானது. அதே ஆண்டில், கருவிகளை உதிரிப் பாகங்களாக விற்ற பாயா நிறுவனம் ஓக்லஹோமா சிட்டியிலிருந்து 'பாலிஃபோனி' என்ற சிறு இதழைக் கொண்டுவந்தது. அது தானே கருவி கட்டுகிறவர்களுக்கானது. பாலிஃபோனி 1985இல் 'எலக்ட்ரானிக் மியூசிஷியன்' ஆனது. கன்டெம்பரரி கீபோர்டு 1981இல் 'கீபோர்டு' என்று பெயரைச் சுருக்கிக்கொண்டு, 2017இல் அந்த எலக்ட்ரானிக் மியூசிஷியனோடு இணைந்தது. சிறிய இதழின் வாரிசு பெரிய இதழையே தன்னுள் சேர்த்துக்கொண்ட இந்த வரலாறு ஒருபுறம் இருக்க, சினாப்ஸுக்கு வாரிசு என்று எந்த இதழும் அமையவில்லை. வாரிசு இல்லாத இதழுக்குப் பழைய பிரதிகளைக் காத்து வைக்கும் அலுவலகமும் இருக்காது. அந்த வேலை வாசகர்களின் கைக்கு வந்து சேர்கிறது.

முதல் வேலை, இதழ்ப் பட்டியல்

படியெடுக்கத் தொடங்கும் முன், வெளிவந்த இதழ்கள் எவை என்ற பட்டியலைத் தயாரிக்க வேண்டும். ஒவ்வோர் இதழுக்கும் மலர் எண், இதழ் எண், அட்டையில் உள்ள தேதி, பக்க எண்ணிக்கை, விலை, ஆசிரியர் குழுப் பெயர்கள் ஆகியவற்றைக் கையில் உள்ள பிரதியைப் பார்த்தே எழுத வேண்டும். பிறர் எழுதியதிலிருந்து எடுத்தால், எங்கிருந்து எடுத்தது என்று பக்கத்தில் குறித்துவிட வேண்டும். சிற்றிதழ்கள் பணமுடையால் ஓர் இதழைத் தவறவிடுவதும், இரண்டு எண்களைச் சேர்த்து ஒரே இதழாக வெளியிடுவதும் வழக்கமானவை என்பதால், எண் வரிசையில் ஓர் இடைவெளி தெரிந்தவுடன் ஓர் இதழ் தொலைந்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. அடுத்த இதழின் தலையங்கத்தையும், சந்தாதாரர்களுக்கான அறிவிப்பையும் படித்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

அட்டைத் தேதியை நிகழ்ச்சியின் தேதியாகக் கொள்வது இந்த வேலையில் அடிக்கடி நேரும் பிழை. அச்சுக்கோப்பு, அச்சு, தபால் என்று எல்லாம் சேர்ந்து, பேட்டி எடுக்கப்பட்ட நாளுக்கும் அட்டையில் உள்ள மாதத்துக்கும் நடுவே சில மாதங்கள் ஓடியிருக்கும். இசைக்கலைஞர் பிரையன் ஈனோவை இதழாளர் கர்ட் லோடர் கண்ட நேர்காணல் சினாப்ஸின் 1979 ஜனவரி–பிப்ரவரி இதழில் வந்தது என்றால், அந்த உரையாடல் 1979இல் நடந்தது என்று எழுதிவிடக் கூடாது. இந்த நேர்காணல் ஈனோவின் ரசிகர்களால் இன்றும் தேடிப் படிக்கப்படுகிறது. அதே இதழின் மற்றப் பக்கங்களுக்கு அப்படிக் காவலர்கள் இல்லை. நாம் உழைக்க வேண்டிய இடம் அந்தப் பக்கங்கள்தான்.

நூலக அட்டவணைகளில் தேடும்போது பெயர் மாற்றங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் 1981 மார்ச்சில் தொடங்கிய 'எலக்ட்ரானிக்ஸ் அண்ட் மியூசிக் மேக்கர்' 1986இல் 'மியூசிக் டெக்னாலஜி' ஆயிற்று. பழைய பெயரில் மட்டும் தேடினால் அதன் தொடர்ச்சி கண்ணில் படாது. பிரிட்டனில் அச்சாகும் இதழ்களின் ஒரு பிரதியைப் பிரிட்டிஷ் நூலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற சட்டம் இருப்பதால், அந்நாட்டு இதழ்களைத் தேடுவது சற்று எளிது. அமெரிக்கச் சிற்றிதழ்களுக்கு இசைக் கல்லூரி நூலகங்களும், பழைய வாசகர்களின் வீட்டு அலமாரிகளுமே கதி.

பேட்ச் வரைபடங்களைக் கண்ணும் கருத்துமாகப் படியெடுங்கள்

இத்தகைய இதழ்களின் உயிர்நிலை பேட்ச் வரைபடங்களில், அதாவது ஓர் ஒலியைப் பெறக் கருவியின் குமிழ்களையும் இணைப்புகளையும் எப்படி அமைப்பது என்று காட்டும் படங்களில், இருக்கிறது என்பேன். 1970இல் வந்த மினிமூக், 1971இல் வந்த ஆர்ப் 2600, 1972இல் வந்த ஆர்ப் ஒடிசி ஆகிய சிந்தசைசர்கள் எதற்கும் நினைவகம் கிடையாது. அரும்பாடுபட்டு அமைத்த ஓர் ஒலி, அடுத்த பாட்டுக்காகக் குமிழ்களைத் திருப்பியவுடன் அழிந்துவிடும். அதனால் கருவி முகப்பின் படத்தை அச்சடித்து வைத்துக்கொண்டு, எந்தக் குமிழ் எங்கே நிற்கிறது, எந்த பேட்ச் கேபிள் (இணைப்புக் கம்பி) எதிலிருந்து எதற்குப் போகிறது என்பதைப் பென்சிலால் குறித்து வைப்பது வாசிப்பவர்களின் வழக்கமாயிற்று. அந்தத் தாளே அன்றைய நினைவகம். சான் ஹோசேயைச் சேர்ந்த சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனம் 1978இல் ப்ராஃபெட்–5 கருவியைக் காட்சிக்கு வைத்தது. ஐந்து சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கவும், 40 ஒலிகளை நுண்செயலியின் உதவியால் சேமித்து வைக்கவும் வல்ல கருவி அது. காகிதத்தில் இருந்த நினைவு கருவிக்குள் குடியேறத் தொடங்கிய அந்த ஆண்டுகளில்தான் சினாப்ஸ் வெளிவந்துகொண்டிருந்தது. இந்தக் காலத்து இதழ்களில் உள்ள ஒவ்வொரு வரைபடத்தையும் விடாமல் எடுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

வரைபடத்தைப் படமாக ஸ்கேன் செய்தால் மட்டும் போதாது. எழுத்தாகவும் எடுத்தெழுத வேண்டும். கருவியின் முகப்பில் உள்ள வரிசைப்படியே ஒவ்வொரு குமிழின் பெயரையும், அச்சில் காட்டப்பட்ட மதிப்பையும் எழுதுங்கள். குறிக்கப்படாத குமிழைச் சுழி என்று நீங்களாக நிரப்பாமல், குறிக்கப்படவில்லை என்றே எழுதுங்கள்; அது சுழியில் இருக்க வேண்டும் என்பதும், எங்கே இருந்தாலும் பரவாயில்லை என்பதும் வேறு வேறு. எந்த எண்மத்தில் (ஆக்டேவில்) வாசிக்க வேண்டும், ஒலியை அசைக்கும் மாடுலேஷன் சக்கரம் எவ்வளவு, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் கிளைட் உண்டா என்பவை பெரும்பாலும் வரைபடத்தில் இல்லாமல், கட்டுரையின் நடுவில் ஒரு வரியாக ஒளிந்திருக்கும். பழைய பிரதியில் யாரோ ஒரு வாசகர் பென்சிலால் திருத்தி வைத்திருந்தால், அதைத் தனிக் குறிப்பாக எடுத்து வையுங்கள். அவர் தன் கருவியில் அமைத்துப் பார்த்திருக்கிறார் என்பதற்கு அது சான்று.

பிறகு ஒலியை அமைத்து வாசித்துப் பாருங்கள். கோர்க் நிறுவனம் 2015இல் ஒடிசியையும், 2020இல் ஆர்ப் 2600ஐயும், மூக் நிறுவனம் 2016இல் மினிமூக்கையும் மறுபடி தயாரித்து வெளியிட்டன; கணினியில் ஓடும் மென்பொருள் வடிவங்களும் உள்ளன. எந்தக் கருவியில் வாசித்தீர்கள் என்பதைத் துல்லியமாகக் குறிக்க வேண்டும். ஒடிசியையே எடுத்துக்கொண்டால், முதல் வடிவத்தில் எண்மத்துக்கு 12 டெசிபெல் இறங்கும் ஃபில்டரும் (ஒலியின் ஒரு பகுதியை வடிகட்டும் பாகம்), பின்வந்த வடிவங்களில் 24 டெசிபெல் இறங்கும் ஃபில்டர்களும் இருந்தன; ஒரே வரைபடம் இரண்டிலும் ஒரே ஒலியைத் தராது. குமிழ் எண்களும் கருவிக்குக் கருவி சற்று மாறும். ஆகவே எண்ணில் தொடங்கிக் காதில் முடியுங்கள்: கட்டுரையாளர் தன் ஒலியைப் புல்லாங்குழல் போன்றது என்று சொல்லியிருந்தால், அவ்வாறு கேட்கும் வரை ஃபில்டரைச் சிறிது நகர்த்தி, எவ்வளவு நகர்த்தினீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். கீழ்ச் சுரம், நடுச் சுரம், மேல் சுரம் என ஒவ்வொன்றையும் நீளமாக வாசித்து அரை நிமிடப் பதிவு ஒன்றைச் சேர்த்துவிட்டால், படிக்கிறவர் தன் கருவியில் ஒப்பிட்டுக்கொள்ள முடியும்.

எவ்வளவு முயன்றும் ஒலி பொருந்தவில்லை என்றால், அடுத்த இரண்டு மூன்று இதழ்களின் பிழைதிருத்தப் பகுதியையும், வாசகர் கடிதங்களையும் பாருங்கள். கருவி கட்டுவதற்கான மின்சுற்று வரைபடங்களுக்கு இது இன்னும் கட்டாயம். ஒரு மின்தடையின் மதிப்பு தவறாக அச்சாகியிருந்தால், கட்டிய கருவி வேலை செய்யாமலே போகும். திருத்தம் எங்கே வந்தது என்பதை மூலப் பக்கத்தின் குறிப்பிலேயே எழுதி, இரண்டையும் இணைத்து வையுங்கள்.

ஸ்கேன் செய்யும்போது

சாதாரணப் பக்கங்களுக்கு அங்குலத்துக்கு 400 புள்ளிகளும், மின்சுற்று வரைபடங்களுக்கும் பேட்ச் வரைபடங்களுக்கும் 600 புள்ளிகளும் போதும். மூலக் கோப்பை டிஃப் (TIFF) என்னும் படக்கோப்பு வடிவில் எந்த ஒப்பனையும் செய்யாமல் வைத்துக்கொண்டு, படிப்பதற்கான பிரதியில் மட்டும் அச்சுப் புள்ளிகளால் எழும் அலைக்கோலத்தை நீக்குங்கள். தாள் மெல்லியதாக இருந்தால், பின்னால் ஒரு கறுப்புத் தாளை வைத்தால் மறுபக்க எழுத்து தெரியாது. வேறு பிரதி கிடைக்காத இதழின் கம்பியைப் பிரிக்காமல், மேலிருந்து படம் பிடிப்பதே நல்லது.

விளம்பரங்களைத் தவிர்க்கவே கூடாது. ஆர்ப் நிறுவனம் 1981இல் மூடப்பட்டது. மினிமூக்கின் முதல் தயாரிப்பும் அதே ஆண்டில் நின்றது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் எந்தக் கருவி என்ன விலைக்கு விற்றது, எந்தக் கடை எதைத் தள்ளுபடியில் தந்தது என்பதற்கு விளம்பரப் பக்கங்களைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது. சந்தா அட்டை, உள்ளட்டை எல்லாவற்றையும் எடுங்கள். ஆனால் தபால் சீட்டில் உள்ள பழைய சந்தாதாரரின் பெயரையும் முகவரியையும் பொதுப் பிரதியில் மறைத்துவிடுவது மரியாதை.

இதழோடு ஒலித்தட்டோ ஒலிநாடாவோ வந்திருந்தால், அதையும் இதழின் ஒரு பக்கமாகவே கருத வேண்டும். கீபோர்டு இதழ் 1984 முதல் 'சவுண்ட்பேஜ்' என்ற மெல்லிய நெகிழித் தட்டை உள்ளே வைத்துத் தந்தது. எலக்ட்ரானிக்ஸ் அண்ட் மியூசிக் மேக்கர் தன் கட்டுரைகளுக்கான ஒலிநாடாக்களைத் தனியே விற்றது. மெல்லிய தட்டு ஒவ்வொரு முறை ஓடும்போதும் தேயும். அதனால் அதை ஒரு சாதாரண இசைத்தட்டின் மேல் சமமாக வைத்து, முதல் ஓட்டத்திலேயே பதிவு செய்துவிட வேண்டும். ஒலிநாடாவில் வேகம் பிசகினால் சுருதி மாறும் என்பதால், சுருதி குறிப்பிடப்பட்ட பகுதி ஏதேனும் இருந்தால் அதைக் கொண்டு வேகத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இதழை நடத்தியவர்களிடம் கேட்க வேண்டியவை

நடத்தியவர்களைச் சந்திக்க வாய்த்தால், பழைய இதழ் ஒன்றைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் நோக்கம் என்னவாக இருந்தது என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். இந்தப் பக்கத்தின் படத்தை வரைந்தவர் யார், தலைப்பு எழுத்துகளை எப்படி ஒட்டினீர்கள், எத்தனை பிரதிகள் அச்சடித்தீர்கள், எந்த விளம்பரதாரர் கடைசி வரை நின்றார் என்று பக்கத்தைக் காட்டிக் கேட்டால் செய்தி வரும். அவர்கள் சொல்வதை அச்சில் உள்ள ஆசிரியர் குழுப் பட்டியலோடு ஒப்பிட்டு, முரண்பட்டால் இரண்டையும் பதிவு செய்யுங்கள். இதழ் ஏன் நின்றது என்ற கேள்வியைக் கடைசியில், பொறுமையாகக் கேளுங்கள். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம்.

பதிப்புரிமை இருப்பதை மறவாதீர்கள்

1976 முதல் 1979 வரை அமெரிக்காவில் உரிய பதிப்புரிமைக் குறிப்போடு வெளியானவை இன்னும் உரிமைக் காலத்துக்குள்ளேயே இருக்கின்றன. இதழ் நின்றுபோனது என்பதற்காக உரிமை நின்றுவிடாது. பதிப்பாளர் ஒருவர் அனுமதித்தாலே எல்லாம் முடிந்தது என்றும் எண்ண வேண்டாம்: நியூயார்க் டைம்ஸுக்கு எதிராக ஜோனதன் டசினி முதலிய எழுத்தாளர்கள் தொடுத்த வழக்கில், வெளியிலிருந்து எழுதித் தந்தவர்களின் கட்டுரைகளை அவர்கள் சம்மதமின்றி மின்னணுத் தொகுப்பில் சேர்க்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது. பிரிட்டனில் பக்க அமைப்புக்கான உரிமை 25 ஆண்டுகளில் முடிந்தாலும், கட்டுரையின் உரிமை எழுதியவர் மறைந்து 70 ஆண்டுகள் வரை நீடிக்கும். எனவே முழுப் பக்கங்களைப் பொதுவில் வைப்பதற்கு முன் ஆசிரியரையும் எழுதியவர்களையும் தேடிக் கேளுங்கள். கேட்ட கடிதத்தையும் வந்த பதிலையும் கோப்பில் வையுங்கள். இதழ்ப் பட்டியல், பொருளடக்க அட்டவணை, பிழைதிருத்தங்களின் தொகுப்பு, நீங்கள் வாசித்துப் பதிவு செய்த ஒலிகள் ஆகியவை உங்கள் சொந்த உழைப்பு. அவற்றை முதலில் வெளியிடலாம்.

மூலக் கோப்புகளை மூன்று பிரதிகளாக்கி, ஒன்றையாவது வேறோர் ஊரில் வைத்திருங்கள். காகித இதழ்களை அமிலமற்ற உறையிலிட்டுப் படுக்கை வாட்டில் அடுக்கி, நீங்கள் தயாரித்த பட்டியலின் அச்சுப் பிரதியையும் அதே பெட்டியில் சேர்த்து, இசைப் பிரிவு உள்ள ஒரு நூலகத்துக்கு எழுத்து மூலமாக ஒப்படையுங்கள்.