ஆயா, கொஞ்சம் ‘ஆ’ காட்டு

சென்னையில் காசிமேடு, ராயபுரம் பக்கம் வீடு வீடாகப் போய் வயசானவங்களுக்கு பிபி, சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறது என் வேலை. போற வீட்டில் வாயையும் பார்த்துவிடுவேன். போன் டார்ச், ஒரு ஸ்பூன், கையுறை, கொஞ்சம் காஸ் துணி (புண்ணுக்குக் கட்டுற மெல்லிய வலைத்துணி). இவ்வளவுதான், நீங்களே பார்க்கலாம்.

வாயைத் திறக்கச் சொல்றதுக்கு முன்னாடி தட்டைப் பாருங்க. “வலிக்குதா?” என்று கேட்டால் “அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா”ன்னுதான் பதில் வரும். கருவாடு இல்லாமல் சோறு இறங்காத ஆயா திடீர்னு ரசஞ்சோறே போதும் என்கிறாரா? ஒரு பக்கமாவே மெல்றாரா? அப்போ உள்ளே ஏதோ இருக்கு.

வெளிச்சத்துக்கு வாசல் பக்கம் உட்கார வையுங்க. பல்செட் இருந்தால் கழற்றச் சொல்லுங்க. அடியில் மேல்வாய் சிவந்திருந்தால், பெரும்பாலும் ராத்திரியும் செட்டைக் கழற்றாமல் தூங்குறாங்கன்னு அர்த்தம். படுக்கும்போது கழற்றி, பிரஷ்ஷால் தேய்ச்சு, பச்சைத் தண்ணியில் போடணும். கொதிக்கிற தண்ணியில் போட்டால் செட் கோணிக்கும்.

“பல்லே இல்ல, என்னத்தைப் பார்க்கிறது?” என்று பிள்ளைங்க கேட்பாங்க. பல் போனாலும் நாக்கும் கன்னமும் இருக்கே! நாக்கு நுனியை காஸ் துணியால் பிடிச்சு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்து ஓரங்களைப் பாருங்க, அடிநாக்கையும் பாருங்க. அப்புறம் ஸ்பூனால் கன்னத்தை விலக்கி, வெத்தலை பாக்கு ஒதுக்குற இடத்தைப் பார்க்கணும். இதில் அவசரமே கூடாது.

மீன் விற்கிற ஒரு ஆயாவுக்கு இடது கன்னத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. “சுண்ணாம்பு சுட்டுச்சுமா, போயிடும்” என்றார். துணியால் மெல்லத் துடைத்தேன், வரவில்லை. துடைத்தால் வருகிற வெள்ளை பெரும்பாலும் பூஞ்சை, சுகர்காரங்களுக்கு அடிக்கடி வரும். துடைத்தும் வராத வெள்ளை, வெல்வெட் மாதிரி சிவப்பு, ரெண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண் இதெல்லாம் உடனே டாக்டர் பார்க்க வேண்டியவை. வலி இல்லைன்னு தள்ளிப்போடாதீங்க. புற்றுநோய் ஆரம்பத்தில் வலிக்காமலே இருக்கலாம். புகையிலை போடாத வெறும் பாக்கும் புற்றுநோய் தரும்னு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004லேயே சொல்லிடுச்சு. பாக்கு போடுறவங்களை அவங்க விரல் மூணை ஒண்ணுமேல ஒண்ணா நெட்டாக வாயில் வைக்கச் சொல்லுங்க. நுழையலைன்னா வாய் சரியா திறக்கலைன்னு அர்த்தம், அதையும் டாக்டரிடம் சொல்லணும்.

ஸ்பூன் கன்னத்தில் ஒட்டிக்கிட்டால் வாய் வறண்டிருக்கு. தூக்கம், நரம்பு வலி, சளிக்குத் தர்ற சில மாத்திரைகள் அப்படிச் செய்யும். பிபிக்குக் கொடுக்கிற அம்லோடிபின் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். அதுக்காக நீங்களா மாத்திரையை நிறுத்தாதீங்க.

பக்கவாதம் வந்தவங்களுக்கு, சாப்பிட்டதும் செயலிழந்த பக்கக் கன்னத்தில் விரல் விட்டுப் பாருங்க. பருக்கை அங்கேயே தங்கும். வாய் அழுக்கு எச்சிலோடு மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா வரை போகும்.

முதியோர் இல்லங்களில் நர்ஸுகள் போடுற மார்க் முறை ஒண்ணு இருக்கு: உதடு, நாக்கு, ஈறு, எச்சில், பல், பல்செட், சுத்தம், வலி ஆகிய எட்டுக்கும் 0, 1, 2 (0 நல்லா இருக்கு, 2 மோசம்); மொத்தம் 16. என் கணக்கில் ஒரு 2 விழுந்தாலே டாக்டர்தான்.

நம்ம பக்கத்துக்கு, கோட்டை ஸ்டேஷன் கிட்ட இருக்கிற அரசு பல் மருத்துவக் கல்லூரி. சுகர்காரங்களைக் காலையில் சாப்பிட வைத்துக் கூட்டிப் போங்க. மாத்திரை அட்டை அத்தனையும் பையில் இருக்கட்டும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, எலும்புக்கு ஊசி எதாவது ஓடுதுன்னா, பல் பிடுங்குறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.