ஃப்ளஷ் டேங்க் ஒழுகல்: பென்சில் கோடு காட்டிக்கொடுத்தது

கழிப்பறைக் கோப்பையின் பின்சுவரில் நூல் போல நீர் வழிந்துகொண்டே இருந்தது. இரவில் மாடித் தொட்டி பாதி காலியாகிவிடும். முதலில் மிதவை வால்வை மாற்றினேன், பயனில்லை. பிறகு டேங்கின் அடித்துளையை அடைக்கும் வாஷரை மாற்றி, அது உட்காரும் விளிம்பில் படிந்திருந்த உப்புக்காரையையும் வினிகர் ஊற்றித் தேய்த்து எடுத்தேன். அப்போதும் ஒழுகியது. டேங்கில் துணிக்குப் போடும் சொட்டு நீலம் விட்டதும், அரை மணி நேரத்தில் கோப்பை நீலமானது. கசிவு உறுதி, இடம்தான் தெரியவில்லை.

நான்காம் நாள், டேங்குக்கு நீர் வரும் குழாயை மூடிவிட்டு, நீர்மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டேன். காலையில் மட்டம் நான்கு விரற்கடை இறங்கி, அங்கேயே நின்றிருந்தது. வாஷரில் கசிந்தால் டேங்க் ஏறக்குறைய முழுவதும் வடிந்திருக்க வேண்டும். ஆகவே ஓட்டை, நீர் நின்ற உயரத்தில்தான்! டேங்கில் மிகும் நீரைக் கோப்பைக்குள் இறக்க நடுவில் நிற்கும் வழிகுழாயின் பின்பக்கத்தை அந்த உயரத்தில் நகத்தால் வருடினேன். மயிரிழை விரிசல் தட்டுப்பட்டது. கண்ணுக்குத் தெரியவே இல்லை.

வழிகுழாய் தனியாகக் கிடைக்காததால் அது பொருந்தியிருக்கும் ஃப்ளஷ் வால்வை முழுதாக மாற்றினேன். மறுநாள் கோப்பையின் சுவர் காய்ந்து கிடந்ததைப் பார்த்தபோதுதான் நிம்மதி வந்தது.